ஈஸ்டும் உதிரமும்: ஒரு சர்ச்சையின் சரித்திரம்

பூஞ்சைகளின் நடுவிலேதான் மனிதன் பிறக்கிறான், வளர்கிறான், மூச்சு விடுகிறான். வைக்கோற்போரிலும் ஈரச் சுவரிலும் அழுகிய பழத்திலும் விளையும் அவற்றின் நுண்ணிய வித்துகள் காற்றில் கலந்து நாள்தோறும் நூற்றுக்கணக்கில் நம் சுவாசப்பைகளுக்குள் புகுகின்றன. காண்டிடா என்னும் ஈஸ்ட் இனமோ நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் நிரந்தரமாகவே குடியிருக்கிறது. அப்படியிருந்தும், தேக ஆரோக்கியமுள்ள ஒருவர் பூஞ்சை உடலெங்கும் பரவி உயிர் துறந்தார் என்று கேள்விப்படுவது மிக அபூர்வம். இந்தப் பாதுகாப்பில் ஒரு பாதி இரத்தத்தின் வெள்ளணுக்களைச் சார்ந்தது. மற்றொரு பாதி, இரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் வெளிர்மஞ்சள் நிற நீரில், அதாவது சீரத்தில், கண்ணுக்குப் புலப்படாமல் கரைந்து கிடக்கும் சில புரதங்களைச் சார்ந்தது. அந்த இரண்டாம் பாதியை மனிதன் அறிந்துகொண்ட வரலாறு நூறாண்டுக்கு மேற்பட்டது; அதில் வியப்புக்குரிய செய்தி யாதெனில், அந்தப் புரதங்களுள் மிக முக்கியமான சிலவற்றை மறைவிலிருந்து வெளியே இழுத்தது கொடிய நோய்க்கிருமி எதுவும் அன்று, ரொட்டி சுடுபவர் மாவைப் புளிக்க வைக்கும் சாதாரண ஈஸ்ட்தான் என்பது.

வரலாற்றின் தொடக்கத்திலேயே பூஞ்சை ஒன்று நிற்கிறது. ருஷிய விலங்கியல் அறிஞர் இலியா மெச்னிகாஃப், 1882ஆம் ஆண்டு இத்தாலியின் மெசினா நகரில் நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடலில் முள்ளைக் குத்தி வைத்து, நடமாடும் அணுக்கள் அம்முள்ளைச் சூழ்வதைக் கண்டார் என்ற கதை பரவலாக அறியப்பட்டது. ஆனால் முள் நோயல்ல. உண்மையான நோய் ஒன்றில் அதே போராட்டத்தை அவர் கண்டது 1884இல், டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளிடத்தில். குளத்து நீரில் துள்ளித் திரியும் அந்தச் சிற்றுயிரின் உடல் கண்ணாடிபோல் ஊடுருவிப் பார்க்கத்தக்கது. ஊசி வடிவான வித்துகளையுடைய ஓர் ஈஸ்ட் இனத்தை அது உணவோடு விழுங்கிவிட, அவ்வித்துகள் குடற்சுவரைத் துளைத்துக்கொண்டு உடற்குழிக்குள் எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்த்த முனையை உடனே இரத்த அணுக்கள் வந்து பற்றிக்கொள்ளும். ஒன்றாகவும் பலவாகவும் கூடி அதை விழுங்கி, உருவழித்து, பழுப்புத் துணுக்குகளாக்கிவிடும். எங்கே அணுக்கள் முந்திக்கொண்டனவோ அங்கே நீர்த்தெள்ளு பிழைத்தது. எங்கே வித்து முளைத்து அரும்பத் தொடங்கியதோ அங்கே அது இறந்தது. நோய் எதிர்ப்பு என்னும் செயல் உயிருள்ள உடலினுள்ளே நிகழும்போதே நேரில் பார்த்து எழுதப்பட்ட முதல் சித்திரங்களுள் ஒன்று இது. அதில் எதிரியாக நின்றது ஒரு பூஞ்சை.

அந்நாளில் பூஞ்சை நோய்கள் மனிதர் அறியாதவையும் அல்ல. நம் மதுரை நகரத்து மருத்துவ நிலையத்திலிருந்து ஜான் கில் என்னும் ஆங்கில மருத்துவர் 1842லேயே, பாதம் வீங்கிப் புரையோடி, பல துளைகளின் வழியே கடுகு போன்ற மணிகளைக் கக்கும் ஒரு நோயை எழுதி வைத்தார். அது ‘மதுரைக் கால்’ என்ற பெயரோடு உலகப் புத்தகங்களில் ஏறியது. அந்நோய் பூஞ்சையால் விளைவது என்று நிலைநாட்டப் பாடுபட்டவர் பம்பாயில் இருந்த வான்டைக் கார்ட்டர். கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலுக்குப் படம் வரைந்தவரும் அவரே. வெறுங்காலோடு வயலில் உழைத்தவர்களின் பாதத்தை அரித்த நோய் ஒன்றினால் நம் ஊரின் பெயர் மருத்துவ சாஸ்திரத்தில் நிலைத்தது மகிழ்ச்சிக்குரிய கீர்த்தி அல்லவெனினும், நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

மெச்னிகாஃப் எல்லாப் பெருமையையும் அணுக்களுக்கே கொடுத்தார். ஜெர்மனியிலோ எதிர்க்கட்சி ஒன்று எழுந்தது. அணுக்களே இல்லாத வெறும் சீரமும் கிருமிகளைக் கொல்கிறது என்றும், அச்சீரத்தை 55 பாகை வெப்பத்தில் சிறிது நேரம் வைத்தால் அச்சக்தி அழிந்துபோகிறது என்றும் ஹான்ஸ் புஃக்னர் 1889இல் காட்டினார். பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில், மெச்னிகாஃபின் சொந்த ஆராய்ச்சிக்கூடத்திலேயே பணியாற்றிய ஜூல் போர்தே என்னும் பெல்ஜிய இளைஞர், 1895இல் அந்தச் சக்தியை இரண்டாகப் பிரித்தார்: வெப்பத்தைத் தாங்கி நிற்பதும், நோய் கண்டு தேறியவரின் உடலில் மிகுவதுமான எதிர்ப்பொருள் ஒன்று, வெப்பத்தால் அழிவதும், எல்லோருடைய சீரத்திலும் பிறவியிலேயே இருப்பதுமான துணைப்பொருள் மற்றொன்று. இந்தத் துணைப்பொருளுக்கு ஜெர்மானிய அறிஞர் எர்லிக் சூட்டிய ‘காம்ப்ளிமென்ட்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. போர்தேயின் தீர்ப்பு தெளிவாக இருந்தது: எதிர்ப்பொருள் முதலில் கிருமியைப் பற்ற வேண்டும், அதன் பிறகே காம்ப்ளிமென்ட் வேலை செய்யும். இந்தத் தீர்ப்பு அரை நூற்றாண்டுக்கும் மேலாக அசைக்க முடியாத விதியாக நின்றது. பின்னால் வரும் சர்ச்சைக்கு மூலம் இதுவே.

இரு கட்சிகளையும் ஒருவாறு சமரசம் செய்தவர் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையின் ஆம்ராத் ரைட். அவரும் டக்ளஸ் என்னும் துணைவரும் 1903இல், கழுவித் தூய்மையாக்கிய வெள்ளணுக்களையும் கிருமிகளையும் சீரத்தையும் மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாய்க்குள் ஒன்றாகச் சேர்த்து, ஓர் அணு எத்தனை கிருமிகளை விழுங்கியிருக்கிறது என்று உருப்பெருக்கியின் கீழ் எண்ணினார்கள். சீரம் இல்லாதவிடத்து அணுக்கள் சோம்பி நின்றன. சீரம் கூடியவிடத்து ஆவலோடு விழுங்கின. ஆகவே சீரத்திலுள்ள ஏதோ ஒரு பொருள் கிருமியின் மேல் படிந்து அதை அணுவுக்கு ஏற்றதாக்குகிறது என்பது புலனாயிற்று. அதை ‘ஆப்சொனின்’ என்றார்கள். பெர்னார்ட் ஷா 1906இல் எழுதிய நாடகமொன்றில் ரைட்டையே மனத்தில் கொண்டு ஒரு மருத்துவப் பாத்திரத்தைப் படைத்தார் என்றால், அக்கொள்கை எவ்வளவு பிரபலமாக இருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பூஞ்சையைப் பொறுத்தவரை ரைட் கண்டதே சாரம். பாக்டீரியாக்களுள் சிலவற்றைக் காம்ப்ளிமென்ட் நேரே துளைத்துக் கொன்றுவிடும். பூஞ்சையின் உறைச்சுவரோ தடித்தது, அத்துளைக்கு அசையாதது. ஆதலின் பூஞ்சையின் விஷயத்தில் சீரப் புரதங்கள் செய்யக்கூடியது கொலையன்று. அடையாளம் இடுவதும், விழுங்கும் அணுக்களை அழைத்து வருவதுமே.

இனி ஈஸ்டின் கதைக்கு வருவோம். ஈஸ்ட் அணுக்களைச் சீரத்தில் போட்டுக் கலக்கினால் சீரம் தன் காம்ப்ளிமென்ட் சக்தியை இழந்துவிடுகிறது என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. கோகா என்பவர் 1914இல் இதை ஆராய்ந்து எழுதினார். நல்ல பாம்பின் விஷமும் ஏறத்தாழ இதே வேலையைச் செய்கிறது என்பதும் அக்காலத்தில் கவனிக்கப்பட்டது. காம்ப்ளிமென்ட் என்பது ஒரே பொருள் அல்ல, பல கூறுகளின் தொகுதி என்று பின்னர்த் தெளிவானபோது, ஈஸ்ட் அழிப்பது அவற்றுள் மூன்றாம் கூறு என்று வகுத்தார்கள். ஆராய்ச்சிக்கூடங்களுக்கு இது ஒரு கருவியாகவே பயன்பட்டது. மூன்றாம் கூறு இல்லாத சீரம் வேண்டுமா, ஈஸ்டைப் போடு என்ற அளவில் நின்றது. ஏன் ஈஸ்ட் அப்படிச் செய்கிறது என்று நிதானித்துக் கேட்டவர் வெகு சிலர்.

அந்தச் சிலருள் தலையானவர் லூயி பில்லமர். தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க்கில் 1908இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் அமெரிக்கா சென்று, கென்டக்கி மாநிலத்தில் வளர்ந்தவர். ஈரி ஏரிக்கரையிலுள்ள கிளீவ்லாந்து நகரின் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் 1938இல் முனைவர் பட்டம் பெற்று, அதன்பின் தம் ஆயுளின் பெரும்பகுதியை அங்குள்ள நோய்க்கூற்று நிலையத்திலேயே கழித்தார். புரதங்களைக் கலப்பின்றிப் பிரித்தெடுப்பதில் அவருக்கு இணையானோர் அக்காலத்தில் மிகச் சிலரே. இசிவு நோயின் விஷத்தைப் படிகமாக்கிக் காட்டியவர்களுள் அவர் ஒருவர். 1941இல் அவரும் எக்கர் என்னும் மூத்த ஆசிரியரும், ஈஸ்டைக் கொதிக்க வைத்து, டிரிப்சின் என்னும் நொதி கொண்டு செரிக்கச் செய்து, திரும்பத் திரும்பக் கழுவி, எஞ்சிய கரையாத உறைச்சுவரைப் பொடியாக எடுத்தார்கள். ‘ஸைமோசான்’ எனப்பட்ட அந்தப் பொடி, முழு ஈஸ்ட் செய்த வேலை அனைத்தையும் செய்தது. உயிரற்ற, பெரும்பாலும் சர்க்கரைச் சங்கிலிகளாலான பூஞ்சைச் சுவரே சீரத்தைக் கிளறப் போதுமானது என்பது இதன் பொருள்.

அடுத்த பத்தாண்டுகளில் நடந்த பரிசோதனைகளுள் ஒன்றைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது தகும்; ஏனெனில் ஒரு பெரிய உண்மை எத்தகைய எளிய கைவேலையில் அகப்படுகிறது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மனித சீரத்தில் ஸைமோசானைக் கலந்து, உடலின் சூடாகிய 37 பாகையில் வைத்தால் மூன்றாம் கூறு அழிகிறது. அதையே 17 பாகையில் வைத்தால் ஒன்றும் அழியவில்லை. மற்றொருவராயின் குளிரில் வினை நடக்கவில்லை என்று குறித்துவிட்டு மேலே சென்றிருப்பார். பில்லமரோ, குளிரில் வைத்த அந்தக் கலவையைச் சுழற்றி, அடியில் தங்கிய ஸைமோசானை நீக்கிவிட்டு, மேலே தெளிந்த சீரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். அதில் காம்ப்ளிமென்டின் கூறுகள் யாவும் குறைவின்றி இருந்தன. அதில் புதிய ஸைமோசானைப் போட்டு 37 பாகைக்குக் கொண்டுவந்தார். இப்போது மூன்றாம் கூறு அழியவில்லை! ஆகவே, குளிரில் இருந்தபோது ஏதோ ஒரு பொருள் சீரத்தைவிட்டு ஸைமோசானில் ஒட்டிக்கொண்டு வெளியேறியிருக்க வேண்டும்; அது இல்லாமல் மற்ற கூறுகளெல்லாம் இருந்தும் பயனில்லை. அப்பொருளைச் செறிவான உப்புக் கரைசலால் ஸைமோசானிலிருந்து கழற்றி, மீண்டும் அந்தச் சீரத்தில் சேர்த்தார். இழந்த சக்தி திரும்பியது.

அதற்கு ‘ப்ராப்பர்டின்’ என்று பெயரிட்டார்கள். 1954 ஆகஸ்ட் 20ஆம் தேதி ‘சயன்ஸ்’ பத்திரிகையில் பில்லமரும், லெப்போ முதலிய அவர் துணைவர்களும் வெளியிட்ட கட்டுரை, இந்தப் புரதம் எதிர்ப்பொருள் அல்லவென்றும், மக்னீசியமும் காம்ப்ளிமென்டும் துணைநிற்க, முன்பின் பழகாத கிருமிகளையும் வைரஸ்களையும் எதிர்க்க வல்லது என்றும், ஒருவகை இரத்தச் சோகையில் பிறழ்ந்துபோன சிவப்பணுக்களை உடைக்கக்கூடியது என்றும் சொல்லிற்று. எதிர்ப்பொருளின் தயவு இல்லாமலே காம்ப்ளிமென்ட் கிளர்ந்தெழக் கூடும் என்பது, போர்தேயின் அறுபதாண்டு விதியின் மேல் விழுந்த முதல் அடி. பத்திரிகைகள் இதைப் பெரிதாக எழுதின. பிறவிக் காவலின் இரகசியம் கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை பரவிற்று; பல ஆராய்ச்சிக்கூடங்கள் ப்ராப்பர்டினை அளக்கத் தொடங்கின; சிலவற்றில் அளவை சரியாக அமைந்தது, பலவற்றில் அமையவில்லை. புரதம் மிக நுண்ணிய அளவிலேயே இருந்ததும், ஸைமோசான் ஒவ்வொரு தயாரிப்பிலும் சற்று வேறுபட்டதும் அக்குழப்பத்தை வளர்த்தன.

பிறகு வந்தது ஆட்சேபம். அதை எழுப்பிய ராபர்ட் நெல்சன் என்பவர் அற்பர் அல்லர். காம்ப்ளிமென்ட் துறையில் 1953லேயே தமக்கென ஒரு கண்டுபிடிப்பைச் சேர்த்தவர். அவருடைய வாதம் நேரானது: ஈஸ்ட் மனித வாழ்வில் எங்கும் உள்ளது, ஆகையால் வயதுவந்த ஒவ்வொருவரின் சீரத்திலும் ஈஸ்டுக்கெதிரான இயற்கை எதிர்ப்பொருள் சிறிதளவேனும் இருக்கும், அவ்வெதிர்ப்பொருளே குளிரில் ஸைமோசானைப் பற்றிக்கொண்டு வெளியேறியது, ப்ராப்பர்டின் என்று தனியாக ஒன்றை ஏன் கற்பிக்க வேண்டும்? இவ்வாதத்தின் முழுக் கட்டுரை 1958இல் வெளியாயிற்று. ஆனால் அதற்கு முன்பே அது ஆராய்ச்சியாளரிடையே பரவிவிட்டது. பல்லாண்டுப் பழக்கத்தால் மனத்தில் ஊறிய விதியை விட்டுக்கொடுக்காமலே எல்லாவற்றையும் விளக்கிவிடும் வசதி அதிலிருந்ததால், பெரும்பாலோர் அதன் பக்கம் சாய்ந்தனர். பில்லமரின் தயாரிப்புகளில் எதிர்ப்பொருளின் சுவடு கலந்திருந்ததும் உண்மை. அக்காலக் கருவிகளைக் கொண்டு அதை முற்றிலும் நீக்கிக் காட்டுவது எளிதாக இல்லை.

1957 ஆகஸ்ட் 31ஆம் தேதி, உறக்க மருந்து அளவுக்கு மீறி உடலில் சேர்ந்ததால் பில்லமர் காலமானார். அப்போது அவருக்கு வயது 49. நெல்சனின் முழுக் கட்டுரையை அச்சில் பார்க்கவோ, அதற்கு விடை எழுதவோ அவர் இல்லை. அந்த மரணத்தின் காரணத்தை ஒரு சர்ச்சையின் மேல் முழுவதும் ஏற்றுவது நியாயமாகாது. ஒரு மனிதனின் உள்ளத்தில் என்னென்ன பாரம் இருந்ததென்று பிறர் அளந்து சொல்ல இயலாது. ஆனால், அவர் மறைவுக்குப் பின் பத்தாண்டுகளுக்கும் மேலாக ப்ராப்பர்டின் என்ற சொல்லையே பலர் தவிர்த்து ஒதுங்கினார்கள் என்பது சரித்திரம். ஓர் உண்மை தவறென்று காட்டப்பட்டு ஒதுக்கப்பட்டிருந்தால் வருந்துவதற்கில்லை. இதுவோ தவறென்று நிரூபிக்கப்படாமலே, வேறொரு விளக்கம் சாத்தியம் என்பதற்காகவே ஒதுக்கப்பட்டது. இதை அநீதி என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

விடாமல் பற்றிக்கொண்டிருந்தவர்கள் அவருடைய மாணாக்கரே. பென்ஸ்கி, லெப்போ முதலியோர் 1968இல் மிகத் தூய்மையான ப்ராப்பர்டினைப் பிரித்தெடுத்து, அது எந்த எதிர்ப்பொருளின் இனத்தையும் சேர்ந்ததல்ல, தனிப் புரதமே என்று காட்டினார்கள். 1970இல், அமெரிக்காவின் பெதஸ்டா நகரத்து ஆராய்ச்சியாளர், காம்ப்ளிமென்டின் நான்காம் கூறு பிறவியிலேயே இல்லாத கினிப்பன்றிகளைக் கண்டெடுத்தார்கள். எதிர்ப்பொருள் தொடங்கி வைக்கும் பழைய வழி அந்தக் கூறின்றி நடக்க இயலாது. எனினும் அப்பிராணிகளின் சீரத்தில் மூன்றாம் கூறு கிளர்ச்சியடைந்தது. 1971இல் கலிஃபோர்னியாவில் கோட்ஸெயும் முல்லர்-எபர்ஹார்டும் அந்த இரண்டாம் வழியின் புரதங்களை வரிசைப்படுத்தினார்கள். அதற்கு ‘மாற்று வழி’ என்று பெயர். அது பில்லமரின் வழிதான்.

அவ்வழி நடக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். இரவுக் காவல்காரன் கள்வன் வந்தாலும் வராவிட்டாலும் தெருவெங்கும் தடியைத் தட்டிக்கொண்டே போவதுபோல, மூன்றாம் கூறாகிய சி3 என்னும் புரதம் இரத்தத்தில் எப்போதும் சிறிது சிறிதாகத் தானே பிளந்துகொண்டிருக்கிறது. பிளந்த துண்டு நம் சொந்த அணுவின் மேல் விழுந்தால், அங்குள்ள தடுப்புப் புரதங்கள் அதை உடனே அவித்துவிடும். பூஞ்சைச் சுவரின் மேல் விழுந்தாலோ, அங்கே அவிப்பார் இல்லை. விழுந்த துண்டு அங்கேயே பிணைந்து, மேலும் சி3யைப் பிளக்கும் கருவியாக மாற, சிறு பொழுதில் அச்சுவர் முழுவதும் அத்துண்டுகளால் மூடப்பட்டுவிடும். பிளக்கும் கருவி விரைவில் சிதைந்துபோகும் இயல்புடையது. அதைச் சிதையாமல் தாங்கிப் பிடிப்பதே ப்ராப்பர்டினின் பணி. பூஞ்சை நோய்களில் இதன் பயன் 1974லேயே தெரிந்தது. கிரிப்டோகாக்கஸ் என்னும் ஈஸ்ட் இனத்தைப் புகட்டியபோது, நான்காம் கூறு இல்லாத கினிப்பன்றிகள் மற்றவை போலவே தாங்கின. பாம்பு விஷத்தின் ஒரு கூறினால் சி3யையே தீர்த்துவிட்ட கினிப்பன்றிகளோ சீக்கிரம் மாண்டன.

நெல்சன் முற்றும் பிழைபட்டார் என்றும் சொல்லலாகாது. ஈஸ்ட் சுவருக்கெதிரான இயற்கை எதிர்ப்பொருள் மனித சீரத்தில் மெய்யாகவே உண்டு. அது இருந்தால் சி3 விரைவாகப் படிகிறது. இரண்டும் உண்மை என்பதே முடிவு. ஒன்று உண்மையானால் மற்றது பொய் என்று கொண்ட அவசரமே தீங்கு செய்தது.

ஈஸ்டின் உபகாரம் இத்துடன் நிற்கவில்லை. 1968இல் அமெரிக்காவில் ஒரு பெண் குழந்தை, ஓயாத வயிற்றுப்போக்கும் தோல் அழற்சியும் தொற்று நோய்களுமாக மெலிந்துகொண்டிருந்தது. மில்லர் என்னும் மருத்துவர் அக்குழந்தையின் சீரத்தில் ரொட்டி ஈஸ்டைக் கலந்து வெள்ளணுக்களுக்கு முன் வைத்தபோது, அணுக்கள் அதை விழுங்கவில்லை; பிறர் சீரத்தைச் சேர்த்தபோது விழுங்கின. புதிய பிளாஸ்மாவை, அதாவது உறையாத இரத்தத்தின் நீர்ப்பகுதியை, ஏற்றியதும் குழந்தை தேறிற்று. அக்குடும்பத்தில் வேறு சிலருக்கும் அதே குறை இருந்தது. லண்டனில் 1976இல் சூட்டிலும் ஹார்வியும் சோதித்தபோது, இக்குறை நூற்றுக்கு ஐவரளவில் காணப்படும் சாதாரணக் குறையே என்று தெரிந்தது. இல்லாத பொருள் எது என்பது 1989 வரை மர்மமாக இருந்தது. ஈஸ்ட் சுவரின் மன்னோஸ் என்னும் சர்க்கரையைப் பற்றும் ஒரு புரதத்தைக் கவாசாகி முதலிய ஜப்பானியர் 1978லேயே முயலின் ஈரலில் கண்டிருந்தார்கள். அதே புரதம் அக்குறையுள்ளோரின் சீரத்தில் அருகியிருந்ததை லண்டன் ஆராய்ச்சியாளர் காட்டினார்கள். அக்குறை உடையவரில் மிகப் பெரும்பாலோர் யாதொரு நோயுமின்றி வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உடல் ஒரே காவலை நம்பி இருப்பதில்லை.

கிளர்ச்சி செய்யாமல், வெறுமனே கொடுக்காமலிருப்பதாலேயே காக்கும் புரதமும் ஒன்று உண்டு. ஷேட், கேரலைன் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 1944இல், பச்சை முட்டையின் வெள்ளைக்கரு பாக்டீரியாக்களையும் ரொட்டி ஈஸ்டையும் வளரவொட்டாமல் தடுப்பதையும், இரும்பைச் சேர்த்தால் அத்தடை நீங்குவதையும் கண்டார்கள். இரண்டாண்டுக்குப்பின் மனித பிளாஸ்மாவிலும் அத்தகைய புரதம் உண்டென்று வெளியிட்டார்கள். இன்று டிரான்ஸ்ஃபெரின் எனப்படும் அது, பிளாஸ்மாவிலுள்ள இரும்பை இறுகப் பற்றிக்கொள்கிறது. இரும்பின்றிப் பூஞ்சை பெருக முடியாது. நீரிழிவு முற்றி இரத்தத்தில் அமிலம் மிகும்போது இப்பிடி தளர்கிறது. அத்தகைய நோயாளிகளின் சீரத்தில், மியூகோர்மைகோசிஸ் என்னும் கொடிய நோயை உண்டாக்கும் ரைசோபஸ் பூஞ்சை செழித்து வளர்வதையும், அமிலத்தன்மையை மாற்றினால் வளராததையும் 1982இல் கண்டார்கள். சிறுநீரக நோயாளிகளுக்கு மிகுதியான உலோகத்தை நீக்கக் கொடுத்த டெஃபராக்சமின் என்னும் மருந்தே, இரும்பைக் கொண்டுபோய் ரைசோபஸின் கையில் கொடுத்து அவர்களுள் சிலரைப் பலிகொண்ட கதையும் அந்தப் பத்தாண்டிலேயே நிகழ்ந்தது.

புரதங்கள் எப்போதும் நமக்கு நன்மையே செய்வதும் இல்லை. இரத்தத்தை உறையச் செய்யும் ஃபைப்ரினோஜனைப் பூஞ்சையின் நொதிகள் அறுக்கும்போது, அறுந்த துண்டுகளே ஆஸ்துமா போன்ற ஒவ்வாமையைத் தூண்டிவிடுகின்றன என்று ஹூஸ்டன் நகரின் கோரி குழுவினர் 2013இல் எலிகளிடம் காட்டினார்கள்.

இவையெல்லாம் தூர தேசத்து ஆராய்ச்சிக்கூடங்களின் செய்தி என்று எண்ணுவோருக்கு 2021ஆம் ஆண்டு பதிலாக வந்தது. கொரோனாவின் இரண்டாம் அலையில், கட்டுப்படாத நீரிழிவும் ஸ்டீராய்டு மருந்தும் ஒன்றுசேர்ந்த உடல்களில் ‘கறுப்புப் பூஞ்சை’ என்று பேசப்பட்ட அதே மியூகோர்மைகோசிஸ் பரவிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் தமிழ்நாடு அதை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. ஜூன் இறுதிக்குள் இந்தியாவில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதற்கு ஆளாயினர் என்று மத்திய அரசு தெரிவித்தது. கண்ணையும் மேல்தாடையையும் இழந்தவர்கள் நம் ஊர்களில் இன்றும் நடமாடுகிறார்கள்.

பில்லமரின் துணைவரான லெப்போ, அமெரிக்க நோயெதிர்ப்பியல் சங்கத்தின் தலைவராக 1980இல் ஆற்றிய உரையில், தம் ஆசானின் கதையையும் அந்தச் சர்ச்சையையும் விரிவாக எடுத்துரைத்தார். பில்லமர் ப்ராப்பர்டினால் சிவப்பணுக்களை உடைத்துக் காட்டிய அதே இரத்தச் சோகை நோய்க்கு, மாற்று வழியைத் தடுத்து வேலை செய்யும் இப்டகோபான் என்னும் மாத்திரை 2023 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சென்னையிலும் மதுரையிலும் மருத்துவம் பயிலும் ஒவ்வொரு மாணவரும் ‘மாற்று வழி’ என்ற தலைப்பை இரண்டு மூன்று படங்களோடு படித்துத் தேர்வு எழுதுகிறார். அதைக் கண்டவர் யார், அவர் எதைக் கொண்டு கண்டார் என்பது அநேகமாக அவர் காதில் விழுவதில்லை. அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: படத்தை வரையத் தொடங்கும் முன், கரும்பலகையில் 17 பாகை, 37 பாகை என்ற இரண்டு எண்களை எழுதி, கிளீவ்லாந்தில் நடந்த அந்தப் பரிசோதனையை ஐந்து நிமிஷம் சொல்லுங்கள், லூயி பில்லமர் என்ற பெயரையும் சொல்லுங்கள்.